செட்டரின் கையைப் பாருங்கள்

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறி, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி கடந்து பொத்தேரியில் இறங்கினால் எஸ்.ஆர்.எம். வளாகம். இந்தியாவின் பலமான பல்கலைக்கழக வாலிபால் அணிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. அதன் ஆண்கள் அணி அகில இந்தியப் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பலமுறை வென்ற அணி. அந்த வழியாக அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆட்டத்தை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்? கிரிக்கெட் டிக்கெட்டுக்கு ராத்திரியே வரிசையில் நின்று பழகிய ஊரில், காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் முதல்தரமான ஆட்டத்துக்கு கேலரி காலியாகக் கிடப்பது எனக்குப் பெரிய ஆதங்கம். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தராததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் எப்படி இடம் கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டுகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925ல் தொடங்கிய அமைப்பு அது. நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலமாகப் பிரித்து முதலில் மண்டலப் போட்டி. அதில் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள்தான் ஆட்டப் பருவத்தின் கடைசியில் வரும் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். தென் மண்டலத்தில் அந்த நான்கு இடத்துக்கு நடக்கும் சண்டை இருக்கிறதே, அதை நான் அகில இந்தியப் போட்டிக்குச் சமமாகவே வைப்பேன். கோழிக்கோடு, கோட்டயம் மகாத்மா காந்தி, கேரளம் என்று மலையாள தேசத்து அணிகள் ஒரு பக்கம், நம் அணிகள் ஒரு பக்கம். தொடக்கச் சுற்றுகளில் ஒரு தோல்வி, அவ்வளவுதான், அன்றிரவே ரயில் ஏற வேண்டும். கடைசி நான்கு அணிகள் மட்டும் லீக் முறையில் ஒன்றோடொன்று மோதும். அதனால் மண்டலப் போட்டியில் இறுதி ஆட்டம் என்று ஒன்றைத் தேடிப் போகாதீர்கள். கடைசி இரண்டு நாளும் போங்கள்.

அணிகளில் இரண்டு ரகம் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஆட்டமே வேறு மாதிரி தெரியும். எஸ்.ஆர்.எம்., பல்லாவரம் வேல்ஸ், படூர் இந்துஸ்தான், செம்மஞ்சேரி சத்தியபாமா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழக அணிகளுக்குப் பெரும்பாலும் ஒரே வளாகம், ஒரே விடுதி. ஆண்டு முழுக்கச் சேர்ந்தே ஆடுகிறவர்கள். சென்னைப் பல்கலைக்கழக அணி அப்படியல்ல. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர் ஒருவர் அதில் ஆட வேண்டுமானால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் தேர்வாளர் கண்ணில் பட வேண்டும், தேர்வில் தேற வேண்டும், பிறகு நேற்றுவரை எதிரணியில் நின்றவர்களோடு முகாமில் சேர்ந்து ஆடிப் பழக வேண்டும். தனி ஆளாகப் பார்த்தால் இரண்டு ரகத்திலும் திறமைக்குக் குறைவில்லை. வித்தியாசம், பந்தைத் தூக்கித் தரும் செட்டருக்கும் அதை அடிக்கும் அட்டாக்கருக்கும் நடுவில்தான் வெளிப்படும். அங்கே கண்ணை வையுங்கள்.

எங்கே உட்காருவது? எல்லாரும் வலைக்கு நேராக, பக்கவாட்டில் போய் உட்காருவார்கள். பந்து இங்கும் அங்கும் போவது மட்டும்தான் அங்கிருந்து தெரியும். நீங்கள் ஆடுகளத்தின் கடைக்கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் இடம் பிடியுங்கள். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், நடுவில் வலை. வலையருகே குதித்துக் கைகளால் மறிக்கும் எதிரணியின் பிளாக் எங்கே திறந்திருக்கிறது, அட்டாக்கர் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறார் என்பதெல்லாம் ஆட்டக்காரர் பார்க்கிற கோணத்திலேயே தெரியும். சர்வீஸுக்கு முன்னால் செட்டர் தன் அட்டாக்கர்களுக்கு விரலால் காட்டும் சைகையும் தெரியும். யார் எந்தப் பந்துக்கு ஓட வேண்டும் என்ற உத்தரவு அது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர்த் திடலில் பழைய வாலிபால் பார்த்தவர்களுக்கு, சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே பாயின்ட் என்பதும் 15 பாயின்ட்டில் செட் முடியும் என்பதும் நினைவிருக்கும். 1990களின் இறுதியில் அது மாறிவிட்டது. இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட் உண்டு. செட்டுக்கு 25, ஐந்தாவது செட்டுக்கு மட்டும் 15, எப்போதும் இரண்டு பாயின்ட் முன்னிலை வேண்டும். மூன்று தொடலுக்குள் பந்தை அனுப்ப வேண்டும். ஆனால் பிளாக்கில் கை பட்டது கணக்கில் வராது. நான்கு முறை தொட்டும் ரெஃப்ரி விசில் ஊதவில்லையே என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். வேறு நிறச் சட்டையில் நிற்பவர் லிபரோ. பின்வரிசையில் மட்டுமே ஆடுவார். அவருக்குச் சர்வீஸை எடுப்பதும் விழப்போகும் பந்தைத் தூக்குவதும்தான் வேலை.

இனி ரசனைக்கு வருவோம். புதிதாகப் பார்க்கிறவர்களின் கண் ஸ்மாஷ் அடிப்பவர் மேலேயே இருக்கும். அவர் அடிப்பது ஒரு கதையின் கடைசி வரி. கதை எழுதப்படுவது முதல் தொடலிலும் இரண்டாவது தொடலிலும். சர்வீஸ் வந்ததும் முதல் பாஸ் எங்கே போய் விழுகிறது பாருங்கள். வலைக்கு அருகில், நடுவுக்குச் சற்று வலப்பக்கம், செட்டர் நகராமலே எடுக்கும்படி வந்தால் அவருக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது. இடப்பக்க முனைக்குத் தரலாம். நடுவில் குள்ளமான, வேகமான ஷார்ட் பந்து தரலாம். முதுகுக்குப் பின்னால், வலப்பக்க முனையில் அடிக்கும் யுனிவர்சலுக்கு அனுப்பலாம். வலையிலிருந்து மூன்று மீட்டரில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வருபவருக்கும் கொடுக்கலாம். அதே பாஸ் மூன்று மீட்டர் கோட்டைத் தாண்டிப் பின்னால் விழுந்தால் நடுப் பந்து கிட்டத்தட்ட செத்துவிடும். பந்து ஓரத்துக்குத்தான் வரும் என்று எதிரணி பிளாக்கர்களுக்குத் தெரிந்துவிடும், இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர், அங்கே போய்ச் சுவராக நின்றுவிடுவார்கள். பாஸ் கையில் பட்ட அந்த நொடியிலேயே, இது எங்கே போகும் என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பத்துப் பந்து இப்படிச் சொல்லிப் பார்த்தீர்களானால் ஆட்டம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

செட்டரின் கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெற்றிக்கு மேலே பத்து விரலும் விரிந்து பந்தை ஏந்தும், உடனே தள்ளும். பந்து கையில் இருப்பது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. சுமாரான செட்டர், பின்பக்கம் தருவதாக இருந்தால் பந்து வருவதற்கு முன்பே முதுகை வளைத்துவிடுவார். தொலைவாகத் தருவதாக இருந்தால் முழங்காலை அதிகம் மடக்குவார். எதிரே நிற்கும் நடு பிளாக்கர் இந்தச் சாடையைப் படித்துவிட்டு முன்கூட்டியே நகர்ந்துவிடுவார். நல்ல செட்டர் எல்லாப் பந்தையும் ஒரே இடத்தில், ஒரே உடலசைவில் எடுப்பார். விரலை விட்டுப் பந்து போகும்வரை எதுவும் தெரியாது. நடு பிளாக்கர் தவறான பக்கம் ஓர் அடி வைத்துவிட்டு ஏமாந்து நிற்கிறார், அட்டாக்கருக்கு எதிரே ஒற்றை ஆள்கூட இல்லை என்றால், அந்தப் பாயின்ட்டுக்கான கைதட்டல் செட்டருக்குப் போக வேண்டும். இந்திய அணியின் செட்டராக ஆடிய மோகன் உக்ரபாண்டியன் நம் தமிழ்நாட்டுக்காரர். அவர் ஆட்டத்தின் பதிவுகள் கிடைத்தால் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். இருபது வயதுச் செட்டர்கள் எதை நோக்கிப் பாடுபடுகிறார்கள் என்று புரியும்.

செட்டர் நிற்கும் இடமும் முக்கியம். எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பறிக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு பேரும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர்வார்கள். செட்டர் பின்வரிசையில் இருக்கும்போது முன்வரிசையில் மூன்று அட்டாக்கர்கள். அவரே முன்வரிசைக்கு வந்துவிட்டால் இரண்டு பேர்தான். ஆனால் அப்போது அவருக்கு இன்னோர் ஆயுதம் கிடைக்கிறது. தூக்கித் தருவதுபோல் குதித்து, இரண்டாவது தொடலிலேயே பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடலாம். பின்வரிசையில் இருந்து வந்த செட்டர், வலைக்கு மேலே இருக்கும் பந்தில் இதைச் செய்தால் ஃபவுல். ஓர் அணி தொடர்ந்து நான்கைந்து பாயின்ட் விட்டுக்கொடுக்கிறது என்றால், அந்த நேரத்தில் முன்வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பலமுறை விடை அங்கேயே இருக்கும். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் எழுதிக் கொடுக்கும் வரிசைத் தாளில் பாதி ஆட்டம் அடங்கியிருக்கிறது.

சர்வீஸில் இரண்டு வகை பாருங்கள். ஒன்று, பந்தை உயரத் தூக்கிப் போட்டு, ஓடிக் குதித்து அடிப்பது. வேகமும் சுழற்சியும் சேர்ந்து வரும், கேலரி ஆர்ப்பரிக்கும். மற்றொன்று ஃப்ளோட். சுழலாமல் போகும் பந்து காற்றில் இப்படியும் அப்படியும் ஆடும். எடுப்பவர் கையை நீட்டி நிற்கும்போது கடைசி நேரத்தில் தாழ்ந்துவிடும். பார்ப்பதற்குச் சாது. பல்கலைக்கழக மட்டத்தில் ஃப்ளோட்டால் பறிபோகும் செட்டுகள் ஏராளம் என்பது என் கணிப்பு. புத்திசாலியான சர்வர் ஆளைக் குறிவைப்பார். இப்போதுதான் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர், முந்தைய பந்தைத் தவறவிட்டவர், பின்னாலிருந்து செட்டர் ஓடிவரும் பாதை, இவைதான் அவர் இலக்கு. விசில் ஊதிய பிறகு சர்வீஸ் போட எட்டு வினாடி. அந்த எட்டு வினாடியும் அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

வாலிபாலை முதன்முதலாகப் பார்க்கப் போகிறீர்களா? பெண்கள் போட்டியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஆண்கள் ஆட்டத்தில் முதல் அடியிலேயே பெரும்பாலும் பந்து தரையில். பெண்கள் ஆட்டத்தில் பந்து உயிரோடு நெடுநேரம் இருக்கும். விழுந்து எடுப்பது, மறுபடி தூக்குவது, மறுபடி அடிப்பது என்று ஒரே பாயின்ட்டில் எல்லாத் திறமையும் வரிசையாகக் கண்ணில் படும். தற்காப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

பிறகு, செட் முடியும் தறுவாயில் 23க்கு 23. இந்தக் கட்டத்தில் தேர்ந்த அட்டாக்கர் முழு பலத்தில் அடிக்காமல் விடுவதைப் பார்க்கலாம். பிளாக்கரின் வெளிப்பக்கக் கையைப் பார்த்து, அதில் உரசி வெளியே போகும்படி பந்தைத் தட்டுவார். பிளாக் அவுட். பலசாலி அடிக்கும் பத்து ஸ்மாஷைவிட அந்த ஒரு தட்டு எனக்குப் பெரிது. ஏனென்றால் குதித்து மேலே போன பிறகு, அந்தரத்தில் நிற்கும் நேரத்தில், எதிரே இருக்கும் நான்கு கைகளையும் பார்த்து அவர் முடிவை மாற்றியிருக்கிறார்.

களத்துக்கு வெளியே இருக்கும் கனத்தையும் மறக்கக் கூடாது. பல்கலைக்கழக ஆட்டத்துக்கு வயது வரம்பு உண்டு. இருபத்தைந்தோடு கதவு மூடிவிடும். ஆடுகிறவர்களில் பலர் கிராமத்துத் திடலிலும் அரசுப் பள்ளி மைதானத்திலும் பந்து பிடித்துப் பழகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் வந்த பிள்ளைகள். இங்கே நன்றாக ஆடினால் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை என்று வேலைக்கான வாசல் திறக்கலாம். அகில இந்தியப் போட்டியில் முதல் எட்டு இடங்களுக்குள் வரும் அணிகளுக்கு, 2020ல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கான வாய்ப்பும் உண்டு. ஆகவே பட்ட வாய்ப்பை இழந்த அணி வெறும் ஐந்தாம் இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடுவதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். இறுதியாண்டுப் பையனுக்கு அது ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமாக மாறக்கூடிய ஆட்டம்.

இந்த மண்ணுக்கும் வாலிபாலுக்கும் பழக்கம் நெடுநாளையது. 1895ல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வில்லியம் மார்கன் உருவாக்கிய ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ஹாரி குரோ பக் 1920ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாக வாலிபால் ஊர் ஊராகப் பரவியது. அர்ஜுனா விருது தொடங்கிய 1961லேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. இன்று வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில், உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது. 2024 மார்ச்சில் பிரைம் வாலிபால் லீக்கின் இறுதி ஆட்டம் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தபோது, கோப்பையை வென்ற காலிகட் அணியின் தலைவர் ஜெரோம் வினித். அவரும் தமிழ்நாட்டுக்காரரே.

தென் மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும், அதையடுத்து அகில இந்தியப் போட்டி. எந்த வளாகத்தில் நடக்கிறது என்று பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் விசாரித்தால் தெரிந்துவிடும். உள்ளே போக அடையாள அட்டை கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலோ, சேலையூரிலோ, குரோம்பேட்டையிலோ உங்கள் தெருப் பள்ளியில் வாலிபால் ஆடும் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போய், கடைக்கோட்டுக்குப் பின்னால் உட்கார வையுங்கள்.