நாய் காட்டும் நகரம்

மார்கழியில் ஒரு நாள் உங்கள் நாயை அழைத்துக்கொண்டு பெசன்ட் நகருக்குப் போங்கள். விடியும்போது எலியட்ஸ் கடற்கரையின் ஈரமணல் நான்கு கால்களுக்கும் இதம். அங்கே நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம், பிறரைக் காப்பாற்றப் போய் 1930-இல் கடலில் உயிர்விட்டவருக்காக எழுந்தது. நாய்க்கோ அதன் சுவர் நேற்று வந்துபோனவர்களின் வருகைப் பதிவேடு. அது முகரும்போது கயிற்றை இழுக்காதீர்கள். நம்மைவிடப் பல மடங்கு மோப்ப உணர்விகள் கொண்ட மூக்கு அது. வந்த வேலையே அதுதான். அப்படி நின்று நின்று போனதால்தான் ஊரூர் குப்பத்தில் வலை பிரிக்கும் விரல்களை நான் ஆற அமரப் பார்த்தேன். என்ன வேகம், என்ன நேர்த்தி!

வெயில் ஏறினால் நிழலுக்குத் திரும்புங்கள். நாய் பெரும்பாலும் இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். புறங்கையைத் தார்ச்சாலையில் வையுங்கள். ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது.

மாலையில் டீக்கடை, ஒரு பொறை, தெரியாதவர்களின் விசாரிப்பு. நாயோடு போகிறவரிடம் இந்த ஊர் தானாக வந்து பேசுகிறது.

கயிறு, தண்ணீர்க் கிண்ணம், கழிவை அள்ள ஒரு காகிதப் பை, வெறிநோய்த் தடுப்பூசி: இவையின்றிக் கிளம்பாதீர்கள்.