கலகலப்பும் வட்டத்தொட்டியும்: ஆட்டிசமுடைய வளர்ந்தோரின் உறவு விழைவு குறித்து

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், கண்ணோட்டம், கலகலப்பு, வட்டத்தொட்டி, ரசிகமணி டி.கே.சி., பிசிராந்தையார்

ஆட்டிசம் என்னும் நிலையைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. ‘மதியிறுக்கம்’ என்பது மதியின் மீதே பழியை ஏற்றுகிறது. ‘தற்புனைவு ஆழ்வு’ என்பது ஒருவர் தாமே புனைந்த உலகில் மூழ்கிக் கிடப்பதாகக் கற்பிக்கிறது. அரசுத் திட்டங்களின் தமிழில் இடம்பெறும் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் தொடரே இவற்றுள் மிகவும் கடுமையானது. புறத்தே தெரியும் நடத்தையைக் கண்டு, அகத்தே சிந்தனை இல்லை என்று அது தீர்ப்பளித்துவிடுகிறது. சிந்தனை இல்லாதவரிடம் ‘உமக்கு நண்பர்கள் வேண்டுமா?’ என்று யாரும் கேட்கப்போவதில்லை. பெயரே அக்கேள்வியை அடைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் முதற்குறை.

இக்குறைக்குத் தமிழ் மட்டும் பொறுப்பன்று. ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை உருவாக்கிய ஒய்கன் புளூலர், மனச்சிதைவு நோயாளர் தமக்குள் ஒடுங்கும் நிலையைச் சுட்டவே அதனை ஆண்டார். 1943ஆம் ஆண்டு லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தது. குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்ட அந்தச் சித்திரத்தை வளர்ந்தோர் மீதும் பொருத்தும் வழக்கம் இன்னும் மாறவில்லை. எனினும் 1979இலேயே லோர்னா விங், ஜூடித் கூல்ட் ஆகியோர் ஒதுங்கி நிற்போர், பிறர் அழைத்தால் இணங்கிவருவோர், தாமே முனைந்து பிறரை நாடியும் பிறர்க்கு விந்தையாகத் தோன்றுவோர் என மூவகையினரைப் பிரித்துக் காட்டினர். மூன்றாம் வகையினரை எவ்வாறு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று அழைப்பது?

இந்திய மதிப்பீட்டு முறையையும் இங்கு நோக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு வெளியான ஆட்டிசத்திற்கான இந்திய அளவுகோல் 40 கூறுகளைக் கொண்டது. அவற்றுள் முதல் 9 கூறுகள் சமூக உறவு பற்றியவை. கண்ணோடு கண் நோக்காமை, புன்னகைக்குப் புன்னகை தாராமை, விலகியிருத்தல், ஒத்த வயதினரோடு நட்பைத் தொடராமை என அவை விரிகின்றன. அனைத்தும் பிறர் கண்ணால் கண்டு எண்ணிடத்தக்கவை. சான்றிதழ் வழங்க இத்தகைய கருவி தேவை என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயினும் ‘எவ்வளவு பழகுகிறார்’ என்பதை அளக்கும் இக்கருவி, ‘எவ்வளவு பழக விரும்புகிறார்’ என்பதை அளப்பதில்லை. இவை இரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படும்போதுதான் தவறு நேர்கிறது. வாயிலில் தயங்கி நிற்பவரையும் உள்ளே வர விருப்பமற்றவரையும் அளவுகோல் ஒரே எண்ணில் அடைக்கிறது.

நம் அன்றாடத் தமிழும் இதே வழியில்தான் செல்கிறது. பழகும் தன்மையுடையவரைக் ‘கலகலப்பானவர்’ என்கிறோம். இது ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். ‘முகங்கொடுத்துப் பேசுதல்’ என்பதில் முகம் அளவையாகிறது. ஒலியைப் பொறுக்க இயலாதவரும், பேசுகையில் முகம் நோக்க இயலாதவரும் இச்சொற்களின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். சாரல் பருவத்தில் குற்றாலத்துப் பேரருவிக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: கூட்டம் தணியும் நேரம் பார்த்து வந்து நீராடுவோர் அருவியை வெறுப்பவர் அல்லர்.

பழந்தமிழ் இவ்வளவு எளிதாக ஏமாறவில்லை. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். பெயர் கண்ணிலிருந்து பிறந்திருப்பினும், பழகியவர் வேண்டுவதை மறுக்கமாட்டாத இரக்கமே அதன் பொருள். கண் எங்கு திரும்பியிருக்கிறது என்பதன்று. 79ஆம் அதிகாரமான நட்பு, முகம் மட்டும் மலரும் உறவை நட்பென ஏற்பதில்லை. அடுத்தடுத்துக் கூடிப் பழகுதலும் வேண்டுவதில்லை, உணர்வொத்தலே போதும் என்கிறது. இதற்குப் பரிமேலழகர் காட்டும் சான்று கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். தமிழ் மரபு நட்பின் உச்சமாகக் கொண்டாடும் இணையர், வாழ்நாளின் பெரும்பகுதியில் ஒருவரையொருவர் காணாதவர்கள் என்பதை ஆட்டிசம் பற்றிய தமிழ் எழுத்துகள் இன்னும் கருத்திற்கொள்ளவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தமிழர் கூடிய முறைக்குச் சான்று தேடினால், தென்காசி வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். கலகலப்புக்கே இலக்கணமாகச் சொல்லப்படுபவர் அவர். நெல்லையில் அவரது இல்லத்தின் வட்டவடிவத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடியதால் அக்கூட்டம் வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது ராஜாஜியும் கல்கியும் அங்குத் தேடிச்சென்றனர். 1954இல் அவர் மறைந்தார்.

வட்டத்தொட்டியைப் பெரும்பாலும் விருந்தோம்பலின் கதையாகவே எழுதுகிறோம். அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். பழகிய இடம், அறிந்த சிலர், நடுவே ஒரு பாடல். பேச்சு எதைப் பற்றியது என்பதில் ஐயமில்லை. நலம் விசாரிக்கும் திறனோ வேடிக்கைப் பேச்சோ நுழைவுச்சீட்டன்று. கம்பன் மீதான ஈடுபாடே நுழைவுச்சீட்டு. ஒரே பாடலை டி.கே.சி. மீண்டும் மீண்டும் இசைத்துச் சொல்வார். (இதே மீளச்சொல்லல் வேறொருவர் வாயில் வரின் அளவுகோலில் ஓர் எண்ணாகிவிடும். இரண்டும் ஒன்றே என்பதன்று என் கருத்து. கேட்போர் யார் என்பதும் பொருளைத் தீர்மானிக்கிறது என்பதே.) சந்திக்காத நாள்களில் உறவு கடிதங்களில் வளர்ந்தது. அக்கடிதங்கள் நூல்களாகவே வந்துள்ளன. டி.கே.சி.க்கோ அவர் நண்பர்களுக்கோ எந்த மருத்துவப் பெயரையும் சூட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய முயற்சி ஆய்வாகாது. கூடுதலின் வடிவம் மட்டுமே இங்குப் பொருள்: பொது ஈடுபாடு, சிறிய வட்டம், முன்னறிந்த ஒழுங்கு, எழுத்துவழி உறவு. ஆட்டிசமுடைய வளர்ந்தோர் பலர் தமக்கு இயல்பாக வருவதாகச் சொல்லும் உறவுமுறை பெரும்பாலும் இதுவே.

அவர்கள் சொல்வதைச் சான்றாக ஏற்கலாமா என்பதே அண்மைக்கால விவாதம். விக்ரம் ஜஸ்வால், நமீரா அக்தர் ஆகியோர் 2019இல் வெளியிட்ட கட்டுரை, கண் நோக்காமையும் சொற்களை மீளச்சொல்லலும் நாட்டமின்மையின் அடையாளங்கள் அல்ல என்பதை ஆட்டிசமுடையோரின் சொந்தச் சொற்களைக் கொண்டே வாதிட்டது. தாமே ஆட்டிசமுடைய சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’, புரியாமை இருபுறமும் உண்டு என்றது. கேத்தரின் குரோம்ப்டன் குழுவினரின் 2020ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு கதை எண்மர் வரிசையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்லப்பட்டது. ஆட்டிசமுடையோர் மட்டும் இருந்த வரிசையும் ஆட்டிசமற்றோர் வரிசையும் ஒத்த அளவில் கதையைக் காத்தன. இருவரும் கலந்த வரிசையிலேயே அது மிகுதியாகத் தேய்ந்தது. பின்னர்ப் பெரிய அளவில் நடந்த ஆய்வில் கலப்பு வரிசையின் குறை அவ்வாறு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் மில்டனின் கருத்துக்குரிய ஒரு சான்று தளர்கிறது. ஆனால் ஆட்டிசமுடையோர் தமக்குள் செய்தி பரிமாற வல்லவர் என்ற முடிவு தளரவில்லை.

வட்டத்தொட்டியை முன்மாதிரியாகக் கொள்வதிலும் இடர் உண்டு. அது கற்றோர் கூடிய வட்டம். பேச்சே அதன் உயிர். பேச்சுமொழி அமையாத ஒருவருக்கோ, அன்றாடத் தேவைகளுக்கும் துணை வேண்டியவருக்கோ அங்கு எந்த இடம் இருந்திருக்கும் என்று கேட்க வேண்டும். தனிமையையே உண்மையாக விரும்புவோரும் உண்டு. ‘எல்லோரும் உள்ளூரப் பழகத் துடிப்பவரே’ என்ற புதிய பொதுமையும் பழையதைப் போலவே கேளாமல் தீர்ப்பளிப்பதுதான்.

மீண்டும் பிசிராந்தையாரிடம் வருவோம். சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வருவார் என்றான். பாண்டிநாட்டின் தொலைவிலிருந்து, இதுவரை காணாத ஒருவர் வருவாரா எனச் சூழ இருந்தோர் ஐயுற்றனர். அவர்கள் கையிலிருந்த சான்று ஒன்றே: இத்தனை ஆண்டும் அவர் வந்ததில்லை. சோழனோ தன் அருகில் அவருக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். பிசிராந்தையார் வந்தார்.