கார்டு பிடிக்கும் கை காலைப் பார்க்கிறதா?

பங்குனியிலும் சித்திரையிலும் விருதுநகர், சிவகாசிப் பக்கம் அம்மன் கோயில்களில் பொங்கல் சாட்டிவிட்டால் கரகாட்ட செட்டுகளுக்கு ஓய்வு கிடையாது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று நின்ற நையாண்டி மேளத்தில் இப்போது பல இடங்களில் ஒரு கீபோர்டும் சேர்ந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் மெட்டை வாசிக்க, கீபோர்டுக்காரர் மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்திப் பின்னால் நிரப்புகிறார். கலைஞர்கள் பேச்சில் இதுதான் ‘கார்டு’. மேளத்தின் உயிரே போய்விட்டது என்பது ஒரு கட்சி. காலத்துக்கேற்ற வளர்ச்சி என்பது இன்னொரு கட்சி. அந்தக் கீபோர்டு எந்த மெட்டுக்கு எதை வாசிக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் குறைவு.

ஆடுவதற்கென்றே பிறந்த மெட்டுக்குக் கார்டு சேர்க்கலாமா என்பதை நமக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் இங்கிலாந்தின் மாரிஸ் ஆட்டக்காரர்கள். காலில் சலங்கை போன்ற மணிகளைக் கட்டி ஆடும் கிராமத்து ஆட்டம் அது. ஒரு காலத்தில் ஒரே ஆள் ஒரு கையால் குழலூதி மறுகையால் சிறு கொட்டை அடிப்பார்; மெட்டும் தாளமும் மட்டும், கார்டு கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கான்செர்டினா வந்தது. துருத்தியை இரு கைக்கும் நடுவே பிடித்து அமுக்கியும் இழுத்தும் வாசிக்கும் கருவி. நம் ஆர்மோனியத்துக்குப் பங்காளி. ஆங்கிலோ வகையில் ஒரே பொத்தான் அமுக்கும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் தரும். ஆகவே நினைத்த கார்டை நினைத்த இடத்தில் பிடித்துவிட முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஹெடிங்டன் குவாரியில் வில்லியம் கிம்பர் என்ற கொத்தனார் அந்தக் கருவியை வாசித்தார். 1899 டிசம்பர் 26 அன்று அவர் வாசிக்க, ஊர்க்காரர்கள் ஆட, அதை நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் செசில் ஷார்ப் பார்த்ததுதான் மாரிஸ் மறுமலர்ச்சியின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. கிம்பரின் வலக்கை மெட்டை வாசிக்கும்; இடக்கை கார்டை வெட்டி வெட்டி வைக்கும். நீட்டி இழுக்க மாட்டார். அவரே ஆட்டக்காரர் என்பதால், கால் தரையில் விழும் இடம் இடக்கைக்குத் தெரியும். ஷார்ப் அதே மெட்டுகளுக்கு பியானோ பக்கவாத்தியம் எழுதி 1907 முதல் அச்சிட்டார். பள்ளிக்கூடங்களுக்கு அவை பரவியது அதனால்தான். அந்தப் பயனை மறுக்க முடியாது. ஆனாலும் கிம்பரின் ஒலிப்பதிவைக் கேட்டால் கால் தானாகத் துள்ளுகிறது. பியானோ வடிவம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கத்தான் தோதாக இருக்கிறது. இரண்டிலும் கார்டு உண்டு. ஒன்று ஆட்டத்தைத் தூக்குகிறது, மற்றது மெட்டுக்கு மெத்தை விரிக்கிறது.

இந்த அளவுகோலை நையாண்டி மேளத்தின்மேல் வைப்பதற்கு முன் சுரக்கணக்கைப் பார்த்தாக வேண்டும். நாட்டுப்புற மெட்டுகளில் அடிக்கடி தலைகாட்டும் ராகங்கள் செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை, புன்னாகவராளி. செஞ்சுருட்டி அரிகாம்போதியில் பிறந்தது. ச-க-ப, ம-த-ச என்ற இரு கார்டுகளும் அதில் முரணின்றி உட்காரும். நாதநாமக்கிரியை மாயாமாளவகௌளையில் பிறந்தது. இங்கும் ச-க-ப பொருந்தும். சிக்கல் அடுத்த கார்டில்தான். சினிமாப் பாட்டில் பழகிய கை ‘ச’வுக்கு அடுத்துப் ‘ப’ கார்டுக்குப் போகும். அதில் ப, நி, மேல் ரி மூன்றும் சேரும். அந்த ரி சதுஸ்ருதி ரிஷபம்; நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருப்பதோ சுத்த ரிஷபம். அரைச்சுர இடைவெளியில் இரண்டு ரிஷபங்கள் ஒரே ஸ்பீக்கரில் மோதுகின்றன. சிவகாசி அச்சகத்தில் ரிஜிஸ்டர் விலகிய காலண்டர் தாளில் அம்மன் முகத்துக்கு இரண்டு விளிம்பு தெரியுமே, அதே கோளாறு: ஒவ்வொரு நிறமும் சரி, சேர்ந்தபோது படம் கெட்டது.

புன்னாகவராளியில் சங்கடம் இன்னும் அதிகம். அதன் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பது, ஓரிடத்தில் நிற்காது. கீபோர்டின் காந்தாரம் ஆணி அடித்தாற்போல் நிற்கும். ச-க-ப என்று அழுத்திய மாத்திரத்தில் நாதஸ்வரக்காரர் உதட்டாலும் மூச்சாலும் செய்யும் அசைவு சுருதிப் பிசகாகக் கேட்கிறது. தப்பு யாருடையதோ, பழி அவர்மேல் விழுகிறது.

நாடக மேடை ஆர்மோனியம் நூறாண்டாக நம்மிடம்தானே இருக்கிறது, அதனால் கெட்டுப்போகவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அசைவுக்கு இடம் தராத கருவி என்று 1940இல் வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. நம் நாடக மேடை விலக்கவில்லை. ஆனால் மேடையில் அது பெரும்பாலும் பாடகரின் மெட்டையே பின்தொடர்ந்தது, சுருதி கொடுத்தது. கைப்பெட்டியில் ஒரு கை துருத்திக்கே போய்விடும். கால் ஆர்மோனியத்தில் இரு கையும் ஓய்வாக இருந்தும் கார்டு அங்கே வழக்கமாகவில்லை. ஆகவே அந்த முன்னுதாரணம் கீபோர்டு என்ற கருவிக்குத் துணை நிற்கும், கார்டுக்கு நிற்காது.

கீபோர்டு தரப்பில் வலுவான வாதங்களும் உண்டு. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியை அது நிரப்புகிறது. கூட்டம் கேட்கும் சினிமாப் பாட்டைக் கார்டு இல்லாமல் வாசித்தால் மொட்டையாகத்தான் இருக்கும். ‘அன்னக்கிளி’ (1976) தொடங்கி ‘கரகாட்டக்காரன்’ (1989) வரை இளையராஜா நாட்டுப்புற வாடையுள்ள மெட்டுக்கு அடியில் கார்டும் பேஸும் ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அங்கே மெட்டும் அதன் அடியில் வரும் சுரங்களும் ஒரே கையில் சேர்ந்து உருவானவை. அடியில் ஓடும் பேஸே தனி மெட்டாக நடக்கும். தலைமுறைகளாக, நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்தின் ஒற்றைச் சுரத்தின்மேல் வளர்ந்த மெட்டுக்கு அதே கார்டைத் தூக்கி ஒட்டுவது வேறு வேலை.

எல்லாவற்றிலும் கனமான குற்றச்சாட்டு சுரத்தைப் பற்றியதல்ல, காலத்தைப் பற்றியது. ‘ஸ்டைல்’ பொத்தானை அமுக்கிவிட்டால் கீபோர்டே டிரம்ஸும் பேஸும் சேர்த்து ஒரே வேகத்தில் ஓடும். கரகாட்டத்தில் வேகம் அப்படி நிற்பதில்லை. ஆட்டக்காரி அடவை முறுக்கும்போது தவில்காரர் அவள் காலைப் பார்த்துக் காலத்தை ஏற்றுவார். ஏணியில் நிற்கும்போது அடியை அடக்கிப் பிடித்துவைப்பார். பொத்தானுக்குக் கண் இல்லை. அது ஓடும்போது தவில்காரர் ஆட்டக்காரியை விட்டுவிட்டு எந்திரத்தைப் பின்தொடர வேண்டியதாகிறது. மேளத்தில் யாருக்கு யார் பக்கவாத்தியம் என்ற முறையே தலைகீழாகிறது.

ஆகவே என் தீர்ப்பு: கீபோர்டை வெளியேற்ற வேண்டாம், அடக்கி வைக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கும் செஞ்சுருட்டிக்கும் கார்டு வரட்டும். நாதநாமக்கிரியையிலும் புன்னாகவராளியிலும் காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப இரண்டை மட்டும் வைத்தால் போதும். ஒத்து செய்த வேலைதான் அது. எங்கே வைத்தாலும் கிம்பரைப் போல வெட்டி வைக்க வேண்டும். தவிலின் சொல் விழும் இடைவெளியை நீட்டிய கார்டு மூடக் கூடாது. ஸ்டைல் பொத்தானுக்கு மட்டும் இடமே கிடையாது. கீபோர்டுக்காரரைத் தவில்காரருக்குப் பக்கத்தில், ஆட்டக்காரியின் கால் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று வாசிக்கிறவர் எத்தனை கார்டு தெரிந்தவரானாலும் இந்த ஆட்டத்துக்கு உதவ மாட்டார்.