முதுகலை ஆய்வேடும் ரங்கநாதனின் மூன்று தளங்களும்

முதுகலை ஆய்வேடு எத்தனை பக்கங்களில் அமைதல் வேண்டும், எத்தனை நூல்களைச் சுட்டுதல் வேண்டும் என்பன பற்றித் திட்டவட்டமான எதிர்பார்ப்புகள் நிலவுகின்றன. அது எவ்வினாவிற்கு விடை காண வேண்டும் என்பதில் அத்தகைய தெளிவு காணப்படுவதில்லை. இக்குறையை உணர்த்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் (1892–1972) கோட்பாடு துணைபுரிகிறது.

சென்னையில் கணித ஆசிரியராகவும் பின்னர்ப் பல்கலைக்கழக நூலகராகவும் பணியாற்றிய ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். பிற்காலத்தில் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வாழ்ந்தார். பகுப்புப் பணியைக் கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என மூன்றாகப் பிரித்த அவர், கருத்துத் தளமே ஏனையவற்றை ஆள வேண்டும் என்றார்.

'தமிழ், கன்னட வேற்றுமைகள்' என்னும் ஆய்வுத் தலைப்பைக் கற்பனை செய்து நோக்கலாம். வேற்றுமை என்பது இலக்கணக் கூறா, இரு மொழிகளுக்கிடையிலான வேறுபாடா? சொல் தளத்தில் மறைந்துள்ள இவ்வையத்தைத் தீர்க்காத மாணவர், ஈரியல்களும் கலந்த இயல்களையே எழுத நேரும். இதனை வேற்றுமொழிக்குப் பெயர்ப்பவர் முதற்சொல்லிலேயே தடைப்படுவார்.

ரங்கநாதனின் முகக்கூறுப் பகுப்பு, பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து வினவுகிறது. மொழி எது? மொழிக்கூறு எது? செயல் எது? இடம், காலம் எவை? அவர் வாழ்ந்த மல்லேஸ்வரத்தையே களமாகக் கொண்டால், 'மல்லேஸ்வரத்தில் கன்னடமும் அறிந்த இன்றைய தமிழர் பேச்சில் நான்காம் வேற்றுமை உருபு' என்று தலைப்பு சுருங்கும். தமிழின் 'கு' உருபும், கன்னடத்தின் 'கெ', 'இகெ', 'க்கெ' வடிவங்களும் அப்போது ஒப்புநோக்கத்தக்க தரவுகளாகின்றன. மொழிவரலாறு கூறும் நெடிய முன்னியல் தேவையற்றதாகிவிடும்.

எனினும் இம்முறைக்கு எல்லை உண்டு. அது நூல்களை ஒழுங்குபடுத்த எழுந்தது. ஆய்வின் பரப்பை வரையறுக்குமேயன்றி முடிவின் மெய்ம்மையை உறுதிசெய்யாது. நன்கு வகுத்த தலைப்பின்கீழ்ப் போதாத தரவும் அமையக்கூடும். தகவலாளர் தெரிவும் எதிர்ச்சான்றுகளைக் கையாளும் முறையும் தனியே மதிப்பிடப்பட வேண்டும்.

ஆயினும், முதுகலை மாணவரிடம் புதுக்கோட்பாட்டை எதிர்பார்ப்பதினும், பிறர் சரிபார்க்கத்தக்க சிறு வினாவொன்றை எதிர்பார்ப்பதே பொருத்தமாகும். அவ்வினா அமைந்ததா என்பதைத் தேர்வாளர் ஆய்வேடு முடிந்தபின் தேடுவதைவிட, நெறியாளர் தலைப்பை ஏற்கும்போதே நோக்குதல் நன்று. இல்லையேல் பிழையின் சுமை முழுவதும் மாணவர்மீதே விழும்.