அரைநாள் பழவேற்காடு

நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாக எனக்காக மட்டும் ஒரு பயணத்துக்குப் பணம் கட்டினேன். கல்யாணம், காதுகுத்து, சாவு, கோயில், கருத்தரங்கு என்று போன ஊர்கள் நிறைய. பார்ப்பதற்காக மட்டுமே போன ஊர் ஒன்றுகூட இல்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டுக்கு ஒரு கார், ஓர் ஓட்டுநர், ஒரு வழிகாட்டி, அரைநாள் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்பது. யாரும் இல்லாத ஊருக்கு ஒரு பெண் ஏன் போக வேண்டும் என்பதற்கு என்னிடமும் சட்டென்று பதில் இல்லை. "சும்மா பார்க்கத்தான்" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றிய விமர்சனம். ஒரு நூலை விமர்சிப்பதுபோல வழிகாட்டியோடு போகும் ஒரு சுற்றுலாவையும் விமர்சிக்கலாம். அதற்கும் தொடக்கம், முடிவு, கதைசொல்லி எல்லாம் உண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வாசகிக்கு, அதாவது காசு கொடுத்தவளுக்கு, எது பிடிக்கும் என்ற ஊகமும் அதற்குள் இருக்கிறது.

முதலில் அந்தப் பிரதியில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி அதே ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும். விஷயம் தெரிந்தவர். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்தூண்களைக் காட்டி, "நீயும் ஒருநாள் இப்படித்தான்னு சொல்றாங்க மேடம்" என்றார். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பிறகு கோட்டை இருந்த இடம். 1610இல் டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர்கள் அதைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டு எழுந்தது கெல்டிரியா கோட்டை. சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாகப் பல பத்தாண்டுகள் இருந்த அந்த இடத்தில் இன்று புதரும் மேடும் அகழியும்தான் மிச்சம். அதற்கப்புறம் பள்ளிவாசலின் நிழற்கடிகாரம், ஆதிநாராயணப் பெருமாள் கோயில், ஏரிக்கரை, மீன் சாப்பாடு. ஒன்றரை மணிக்குத் திரும்புகிறோம்.

அவர் சொன்ன வாக்கியங்களைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வந்தார்கள், கட்டினார்கள், வாங்கினார்கள், விற்றார்கள், சண்டை போட்டார்கள், செத்தார்கள். அத்தனை வினைகளுக்கும் எழுவாய் ஆண்கள். மூன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு பெண் வந்தார். "அப்போ இந்த ஏரியா ஒரு ராணி கையில இருந்துச்சு, அவங்கதான் இடம் கொடுத்தாங்க." விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அரசியைத்தான் சொன்னார். ஒரு துறைமுகமே தன் ஆளுகையில் இருந்த பெண், பிறருக்கு இடம் கொடுத்ததோடு கதையைவிட்டுப் போய்விட்டார். கொடுப்பதற்கு முன்பு அவர் என்ன பேரம் பேசினார், எதற்காக அந்நியரை அழைத்தார் என்று நானும் கேட்கவில்லை.

கல்லறைகளுக்கு நடுவே ஒன்று புரிந்தது. தேதி பொறித்த கல்லுக்குத்தான் இந்தச் சுற்றுலாவில் இடம். அதை 'பாரம்பரியம்' என்கிறோம். கல்லில் பெயர் பொறித்துக்கொள்ள வசதி இருந்தவர்களின் கதைதான் அப்போது ஊரின் கதையாகிறது. இது வழிகாட்டியின் மறதி அல்ல. எதைப் பார்க்கத்தக்கது என்று வைத்திருக்கிறோமோ, அந்த அளவுகோலின் கோளாறு.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க அவர்களுக்குச் சோழமண்டலத் துணி தேவைப்பட்டது. இன்றும் மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்குக் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். நெசவு என்றால் தறியில் உட்கார்ந்த ஆண் நினைவுக்கு வருகிறார். ஆனால் தறிக்கு நூல் வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன்பு அந்த நூலைப் பெரும்பாலும் வீட்டு வேலைகளுக்கு இடையில் நூற்றுக்கொடுத்தவர்கள் பெண்கள். ஒரு தறிக்குப் பல கைகள் நூற்க வேண்டியிருந்தது. கல்லறையில் படுத்திருக்கும் வணிகரின் செல்வத்தை நூல் நூலாகப் பிரித்தால் அந்தக் கைகளில்தான் போய் முடியும். அவர்களில் ஒருத்தியின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

பெயர் கிடைத்த ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி முன்பே படித்திருந்ததால் வழிகாட்டியிடம், "இங்கேயிருந்து அடிமைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள் இல்லையா?" என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். "ஆமா மேடம். அது நெகட்டிவா இருக்கும்னு நாங்க சொல்றதில்ல."

துணி ஏற்றிய கரையிலிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1622, 1623 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேரைக் கம்பெனி கொண்டுபோனது. பஞ்சமும் போரும் வந்த காலங்களிலெல்லாம் இந்த எண்ணிக்கை கூடியது. பசியில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அதில் உண்டு. அப்படிப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருத்தியை ஆவணங்கள் காத்தரைன் வான் பாலியகட்டா என்கின்றன. 'பழவேற்காட்டுக் காத்தரைன்' என்று பொருள். 1656இல், தன்னோடு உறவிலிருந்த, மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அடிமை தன்னைத் தாக்கியபோது அவள் திருப்பித் தாக்கினாள். அவன் இறந்துபோனான். அவளுக்கு விதித்த மரண தண்டனை ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு, கேப்புக்கு அனுப்பினார்கள். அங்கே கோட்டைத் தளபதி யான் வான் ரீபேக்கின் வீட்டுத் துணிகளைத் துவைத்தாள். பிற்பாடு விடுதலை பெற்று, வங்கத்திலிருந்து வந்த ஒரு விடுதலை பெற்றவரை மணந்தாள். அதற்கு முன்பு ஒரு படைவீரனுக்குப் பிறந்த அவளுடைய மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமனின் வழியில் வந்தவர்கள் இன்றும் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறார்கள்.

பெயர்களைக் கவனியுங்கள். கோட்டைக்குக் 'கெல்டிரியா' என்று பெயர் வந்தது, அதைக் கட்டிய வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக வைத்ததால். அவன் தன் ஊரின் பெயரை இங்கே நட்டான். அவளுக்கோ அப்பா அம்மா வைத்த பெயர் பறிபோய், கப்பலேறிய துறையின் பெயர் ஒட்டவைக்கப்பட்டது. அவள் பழவேற்காட்டில் பிறந்தாளா, வேறெங்கோ பிறந்து இங்கே விற்கப்பட்டாளா என்பதைக்கூட அந்தப் பெயர் சொல்லாது. இந்த ஊரின் பெயரைக் கண்டம் தாண்டிச் சுமந்தவள் அவள். இந்த ஊர்ச் சுற்றுலாவில் அவளுக்கு ஒரு வாக்கியம் இல்லை. தன்னை அடித்தவனைத் திருப்பி அடித்த பெண்ணின் கதை எந்த வகையில் 'நெகட்டிவ்' என்று யோசித்துக்கொண்டே ஏரிக்கரைக்கு வந்தேன்.

அங்கேதான் சுற்றுலா தன்னை அறியாமல் பெண்களிடம் கொண்டுவந்து விட்டது. படகுச் சவாரி இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலாப் பயணிகளின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு வந்த தடையைப் பற்றி வழிகாட்டி சொன்னார். சொல்லிக்கொண்டிருந்தபோது தூரத்தில் மார்பளவுத் தண்ணீரில் தலைகள் தெரிந்தன. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், பெண்களும் இருந்தார்கள். வலையோ படகோ கிடையாது, பிடித்ததைப் போட ஒரு பறி. "அவங்க டிரைபல், மேடம்" என்றார். அதற்குமேல் கதை இல்லை.

இந்த ஏரியில் பட்டினவர் கிராமங்களுக்கிடையே 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறைவைத்துப் பங்கிடுவது. சண்டையில்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ளும் நல்ல ஏற்பாடு என்று மீன்வள ஆய்வாளர்கள் இதைப் பாராட்டுவதுண்டு. பாராட்டத்தக்கதுதான். ஆனால் அந்தப் பங்கு ஆண்களுக்கு, அதிலும் அந்தச் சாதியின் மணமான ஆண்களுக்கு. மீனைக் கூடையில் ஏற்றி ஊர் ஊராக விற்று அரிசியாக்கும் பெண்ணுக்கு ஏரியில் முறை கிடையாது. கையால் இறால் தடவும் இருளப் பெண்ணுக்கும் கிடையாது. தமிழில் பாடு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்தப் பாடு மட்டும் அவர்கள் பங்குக்கு வந்திருக்கிறது.

கரையில் மடவை, நண்டு, இறால் என்று அன்னக்கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளி மீனும் பச்சைச் சேலையும் காலை வெயிலும் அழகாக இருந்ததால் கைப்பேசியை எடுத்தேன். ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, போட்டோ புடிச்சிக்கினு போறே, மீனு வாங்கல?" சிரித்துச் சமாளித்தேன். வழிகாட்டி அக்கறையோடு, "வாங்க மேடம், இங்க ஸ்மெல் அடிக்கும்" என்றார். நானும் போனேன். கழிப்பறை எங்கே என்று கேட்டதற்குச் சாப்பாட்டுக் கடையில் ஏற்பாடு இருக்கிறது என்றார். விடியற்காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எனக்குக் கடையில், என் அவசரம் தீர்ந்த பிறகுதான் வந்தது.

கரீபியத் தீவான ஆண்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் 'எ ஸ்மால் பிளேஸ்' என்ற சிறு நூலை எழுதினார். தன் ஊருக்கு வரும் சுற்றுலாப் பயணியை நேருக்கு நேர் நிறுத்திப் பேசும் நூல். உள்ளூர்க்காரர்களுக்கும் அலுப்பிலிருந்து தப்பித்து எங்காவது போக ஆசை உண்டு, போக வசதி இல்லை என்பது அதில் வரும் ஒரு வாதம். அதை ஆண்டுகளுக்கு முன்பு படித்தபோது வெள்ளைக்காரர்களைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பழவேற்காட்டுக் கரையில் அந்த வெள்ளைக்காரி நான். தனியாக ஊர் பார்ப்பது என் விடுதலை என்றால், அந்த விடுதலைக்குப் பின்னணிப் படமாக உட்கார்ந்திருந்தது அந்தப் பாட்டியின் வேலைநேரம்.

பெண்கள் பயணம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் எழுத்திலேயே வேறு வகைப் பயணம் இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களையும் மீனவர்களையும் பற்றி நாவல் எழுதுமுன் அந்த ஊர்களுக்குப் போய், அந்த மனிதர்களோடு பேசிப் பழகினார். அவரும் வெளியாள்தான். ஆனால் அவர் போனது கேட்பதற்கு. நான் கட்டிய பணத்தில் கேட்பது அடங்கியிருக்கவில்லை. எனக்குச் சொல்லப்படுவது மட்டும் அடங்கியிருந்தது.

அரைநாளில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். முடியாது. 'மீனவப் பெண்ணோடு ஒரு மணி நேரம்' என்று இன்னொரு நிறுத்தத்தைச் சேர்த்தால் நியாயமாகிவிடுமா? அதுவும் பயமாக இருக்கிறது. கல்லறையைப் போல அவர்களும் காட்சிப்பொருளாவார்கள், அவ்வளவுதான். இந்த ஊரில் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகள் புகழ்பெற்றவை. சுற்றுலாவில் அவை 'ஷாப்பிங்' என்ற தலைப்பில் வந்தன. விலை சொன்னார்கள், அந்தக் கைவேலை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். எதைக் காட்டுவது என்று அந்தப் பெண்கள் முடிவு செய்ய வேண்டும், அந்த நேரத்துக்கான கூலி அவர்கள் கையில் சேர வேண்டும், 'இதைப் படம் எடுக்காதே' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வரை, எத்தனை நிறுத்தங்கள் சேர்த்தாலும் அது பழைய பிரதிதான்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விடைபெறும் நேரத்தில் வழிகாட்டிக்கு ஒரு அழைப்பு வந்தது. "ஏத்தலையா? சரி, அடுத்த பஸ்ல வாம்மா" என்று வைத்தார். யார் என்று கேட்டேன். அம்மா. பொன்னேரிக்கு மீன் விற்கப் போகிறவர். கூடையைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏற்றவில்லையாம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதே ஆண்டு டிசம்பரில்தான் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள், முதலமைச்சரே கண்டித்தார். "உங்கம்மா மீன் விக்கிறாங்கன்னு சொல்லவே இல்லையே?" என்றேன். "அதெல்லாம் யாரு மேடம் கேக்கப் போறாங்க?" என்று சிரித்தார்.

கார் கிளம்பியது. பின்னிருக்கையில் மூன்று பேர் உட்காரலாம், நான் ஒருத்தி. நாங்களும் பொன்னேரி வழியாகத்தான் போகிறோம். பேருந்து நிறுத்தத்தில் கூடைகளோடு நான்கைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களில் யார் அவருடைய அம்மா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள, வண்டியை நிறுத்தச் சொன்னால் போதும். வாடகைக் கார், சீட்டில் மீன் தண்ணீர் சிந்தும், ஓட்டுநர் முகம் சுளிப்பார் என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நிறுத்தம் பின்னால் போய்விட்டது.