மேடை பழகிய வேளாண் தலைமுறை

அமெரிக்கப் பள்ளிகளில் வேளாண்மையைப் பாடமாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கான அமைப்பு எஃப்.எஃப்.ஏ. 1928இல் கான்சாஸ் சிட்டியில் 'அமெரிக்காவின் வருங்கால உழவர்கள்' என்ற பெயரில் தொடங்கியது. இன்று உறுப்பினர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோர் ஏர் பிடிக்கப் போவதில்லை. அமைப்புக்கும் அது தெரியும். 1988இல் பெயரிலிருந்து உழவர்களை விட்டுவிட்டு ஆங்கில முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டது. உழவரோ இல்லையோ, தலைவர்களை உருவாக்குகிறோம் என்பது அதன் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தலைவர்களுக்கு எதைப் பேசக் கற்றுத் தருகிறது, எதைப் பேசாமலிருக்கப் பழக்குகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஒரு பள்ளிக் கிளையின் கூட்டத்தில் இந்த அமைப்பின் பலம் தெரியும். தலைவர் மரச் சுத்தியலை இரண்டு முறை தட்டினால் கூட்டம் தொடங்கிவிட்டது. மூன்று முறை தட்டினால் எல்லோரும் எழ வேண்டும். ஒரு தட்டுக்கு உட்காரலாம். உதயசூரியன் சின்னத்தருகே தலைவர், ஏரருகே துணைத் தலைவர், மக்காச்சோளக் கதிரருகே செயலர், ஆந்தைக்குப் பக்கத்தில் ஆசிரியர். கழுத்துவரை ஜிப் ஏற்றிய நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட்டில் நின்று அவரவர் பொறுப்பை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வெளியாள் கண்ணுக்கு இது பள்ளி நாடகம். ஆனால் நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசும் பிள்ளைக்கு, எழுதிக் கொடுத்த வசனம் சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்திருக்கும் கை மாதிரி. சில மாதங்களில் அதே பிள்ளை தீர்மானம் முன்மொழிகிறது, திருத்தம் கொண்டுவருகிறது, வாக்கெடுப்பில் தோற்றால் முகம் சுளிக்காமல் உட்காருகிறது. பெரியவர்களின் சபைகளிலேயே அரிதான பழக்கம் இது.

இரண்டாவது பலம், பேச்சுக்குப் பின்னால் வேலை நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு. வகுப்பறைப் பாடம், அமைப்புப் பணி இரண்டோடு ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு வேளாண் முயற்சியும் வேண்டும். கன்று வளர்க்கலாம், காய்கறி போடலாம், கால்நடை மருத்துவரிடம் உதவியாளராகச் சேரலாம். தீவனச் செலவிலிருந்து விற்ற பணம்வரை கணக்கெழுத வேண்டும். ஆசிரியர் வீடு தேடி வந்து தொழுவத்தைப் பார்ப்பார். அமைப்பு தரும் மாநில அளவிலான பட்டம் பெற, குறைந்தது 1,000 டாலர் ஈட்டி முதலிட்டிருக்க வேண்டும். அல்லது வகுப்பு நேரத்துக்கு வெளியே 300 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். நிலமில்லாத வீட்டுப் பிள்ளையும் மேலே வர இந்த இரண்டாம் வழி உதவுகிறது.

குறைகளும் இதே இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. விதியில் இருக்கும் சமத்துவம் கால்நடைக் கண்காட்சி மைதானத்தில் இல்லை. போட்டிக்கேற்ற காளைக்கன்று, தீவனம், ஏற்றிச்செல்லும் டிரெய்லர், கட்டிவைக்கக் கொட்டகை என எல்லாவற்றுக்கும் பெற்றோரின் பணமும் இடமும் வேண்டும். கண்காட்சி முடிந்ததும் ஏலம். பல ஊர்களில், பிள்ளைகளை ஊக்குவிக்க உள்ளூர் வியாபாரிகள் சந்தை விலையைவிட வெகுவாகக் கூட்டிக் கேட்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் எந்த உழவருக்கும் கிடைக்காத ஒரு விலை, லாபமென்று மாணவரின் கணக்கேட்டில் ஏறிவிடுகிறது. தொழில் கற்றுத் தர வந்த கணக்கேடு, தொழிலின் மிகக் கசப்பான பாடத்தை மறைத்துவிடுகிறது.

அடுத்தது பேச்சுப் பயிற்சியின் உள்ளடக்கம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு போட்டி உண்டு. ஈ. எம். டிஃபானி எழுதி 1930இல் ஏற்கப்பட்ட உறுதிமொழியை ஒப்பித்து, அதைப் பற்றி நடுவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேளாண்மையின் எதிர்காலத்தின்மீது நம்பிக்கை வைப்பதே அதன் சாரம். ஏணியின் உச்சியில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஆறு தேசியப் பொறுப்பாளர்கள் கல்லூரியை ஓராண்டு நிறுத்திவிட்டு நாடெங்கும் பயணிக்கிறார்கள். நன்கொடை தரும் நிறுவனங்களையும் சந்திக்கிறார்கள். விதை, எந்திர நிறுவனங்களின் பணம் அமைப்புக்குப் பெரிய தூண். யாரும் வாயைக் கட்டவில்லை என்றாலும், உண்ட வீட்டின் குறையை எத்தனை பேர் சபையில் சொல்வார்கள்? 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்கப் பண்ணையாளரின் சராசரி வயது 58.1. நிலத்தின் விலை, கடன், பண்ணைக் கூலியாட்களின் நிலை ஆகிய மூன்றையும் தொடாமல் இளைஞர்கள் ஏன் வரவில்லை என்று பேச முடியாது. வேளாண்மைக்காக வாதாடப் பழகிய அளவுக்கு, வேளாண்மையிடம் கேள்வி கேட்கவும் இவர்கள் பழகவேண்டும்.

தலைமை யாருக்கு என்ற கேள்விக்கும் இந்த அமைப்பின் பழைய பதில் பெருமைக்குரியதல்ல. நிறவெறியால் பிரிக்கப்பட்ட தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கெனத் தனி அமைப்பு உருவாகி, 1935இல் டஸ்கீகி நகரில் தேசிய அமைப்பானது. 1965இல் இரண்டும் இணைந்தபோது அந்தத் தனி அமைப்பில் 50,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். இணைப்பென்று பெயர், அவர்களுடைய பெயரும் சின்னமும் போயின, அவர்கள் ஏறிநின்ற மேடைகளும் போயின. பெண்களுக்குத் தேசிய அளவில் கதவு திறந்தது 1969இல்தான். கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலில் தேசியத் தலைவரானது 1994இல். அவர் சிகாகோ நகரத்து மாணவர் கோரி ஃப்ளோர்னாய். கறுப்பினப் பெண்ணான பிரியானா ஹோல்பர்ட் அந்த இடத்துக்கு வர 2017 ஆயிற்று. கதவு திறப்பதும் நாற்காலி கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த ஆண்டுகளே சாட்சி.

கூட்டிக் கழித்தால், கருவி நல்லது. அதைப் பயன்படுத்தும் பரப்புதான் குறுகல். சபை நடத்தத் தெரிந்த பதினாறு வயதினர் இத்தனை பேரை வேறு எந்தப் பாடமும் எளிதில் தந்துவிடாது. அதே சுத்தியலின் கீழ், தங்கள் மாவட்டத்தில் ஏக்கர் என்ன விலை போகிறது, அதை யார் வாங்குகிறார்கள் என்று அவர்கள் விவாதிக்கட்டும். கணக்கேட்டில் ஏலத் தொகைக்குப் பக்கத்தில் அன்றைய சந்தை விலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைச் சபையில் விளக்கத் தெரிந்தவரே வேளாண்மைக்கு வேண்டிய தலைவர்.