லேக் மார்க்கெட்டும் திணை ஆய்வும்: செவியும் கையும் விடுபட்ட நிலை

தமிழ்த் திணை ஆய்வு நிலத்தைக் கட்புலப் பொருளாகவே பெரிதும் கண்டு வந்துள்ளது. மலை குறிஞ்சி, கடல் நெய்தல் என்னும் வாய்பாடு வகுப்பறையிலிருந்து ஆய்வேடு வரை தொடர்கிறது. ஏ.கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலின் தலைப்பே அகத்தின் நிலக்காட்சி எனப் பொருள்படுவதாகும். இப்போக்கிற்கு அது வலுவூட்டிற்று எனலாம். தொல்காப்பியமோ கருப்பொருளை எண்ணுமிடத்து உணவு, புள், பறை, யாழ் ஆகியவற்றையும் சேர்த்தெண்ணுகிறது. நிலத்தை இனங்காணச் செவியும் நாவும் வேண்டும் என்பது இதன் உட்கிடை. பறையையும் யாழையும் பட்டியலில் அடக்கிவிட்டு அப்பால் நகர்வது ஆய்வாளர் வழக்கமாயிற்று.

மேலை ஆய்வுலகில் மர்ரே ஷேஃபர் 1977இல் ஒலிச்சூழலைத் தனி ஆய்வுப்பொருளாக்கினார். ஸ்டீவன் ஃபெல்டு பாப்புவா நியூகினியின் கலுலி மக்கள் பறவைக் குரலால் காட்டை அறியும் முறையை 1982இல் நூலாக்கினார். புள்ளைக் கருப்பொருளாகக் கொண்ட மரபினர்க்கு இது புதுமையன்று. ஆயினும் ஒப்பிட்டு ஆராய்ந்தோர் சிலரே.

தென்கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதி இவ்வாய்விற்கு ஏற்ற களம். தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியில் மலையோ கடலோ இல்லை. திணையைக் கண்ணால் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் வறுத்த காப்பிக்கொட்டையின் மணம், வாழையிலையின் வழவழப்பு, தொடுத்த மல்லிகையின் ஈரம், வங்காளப் பேச்சினூடே எழும் தமிழ்க்குரல் ஆகியவை அவ்விடத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. பெயர்ப்பலகைகளை மட்டும் எண்ணிக் குடியேற்ற வரலாறு எழுதுவது இதனால் குறையுடையதாகிறது. பழைய சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் 2010களில் லேக் மால் என்னும் பன்மாடி வணிக வளாகம் எழுந்தது. திறந்த சந்தையின் ஓசை வேறு, சுவரும் கண்ணாடியும் சூழ்ந்த கூடத்தின் ஓசை வேறு. பழைய கட்டடத்தின் தோற்றத்தைக் காக்கும் நிழற்படம் அதன் ஓசையைக் காப்பதில்லை.

மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கையில் தொடுவுணர்வை முதலில் வைத்து, சுவை, மணம், காட்சி, ஓசை எனச் செல்கிறது. இதனை இற்றை அறிவியலின் முன்னறிவிப்பெனப் பெருமிதம் கொள்வது ஆய்வாகாது. அவ்வரிசை எழுப்பும் வினாவே பயனுடையது. கை அறிந்ததைக் கண் உடனே அறியுமா? 1688இல் மாலினோ எழுப்பிய இவ்வினாவிற்குப் பவன் சின்ஹா குழுவினர் இந்தியாவில் நடத்திய பிரகாஷ் திட்டம் 2011இல் விடை தந்தது. பிறவிப் பார்வையின்மை நீங்கிய ஐந்து சிறார், தாம் தொட்டறிந்த வடிவத்தைப் பார்வை பெற்ற உடனே கண்ணால் இனங்காண இயலவில்லை. சில நாள்களில் அத்திறன் வளர்ந்தது. ஆய்வகத்தின் இம்முடிவை ஒரு தெருவின்மேல் அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. ஆயினும் ஒரு புலனின் அறிவு பிறிதொன்றில் தானே வந்தடையும் எனக் கொள்ளும் ஆய்வுமுறையை இது ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

சாண், முழம் என்னும் அளவைகள் உடலையே இடவெளியின் அளவுகோலாக்குகின்றன. பூ விற்பவரின் முழங்கைக்கும் விரல்நுனிக்கும் இடைப்பட்ட தொலைவே முழம். ஒருவர் முழம் மற்றவர் முழம் அன்று. பிறமொழி நகரின் சந்தையில் அவ்வளவை நிலைத்ததா, நூறு கிராம் எடைக்கு வழிவிட்டதா என்பது புலம்பெயர்வு ஆய்வேடுகள் கேட்க வேண்டிய வினா.